கம்பி எட்டாத வீடும் மின்சாரமும்

பினாங்குத் தமிழர் வரலாற்றில் 1894ஆம் ஆண்டு நினைவிற் கொள்ளத்தக்கது. தைப்பூசத்தின்போது பினாங்கு வீதிக் கோயில் வீட்டிலிருந்து தண்ணீர்மலைக்குச் செல்லும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் வெள்ளித் தேர் அவ்வாண்டில் இந்தியாவிற் செய்யப்பட்டுக் கப்பலேறி வந்ததாகும். அத்தேர் முதன்முதலாக ஜார்ஜ் டவுன் வீதிகளில் உருண்டபோது நகரில் பொது மின்விளக்கு ஒன்றேனும் இருந்ததில்லை. தீவட்டியும் எண்ணெய் விளக்குமே அந்நாளில் இரவுக்கு ஒளி.

அதே 1894இல், தெற்கே சிலாங்கூர் நாட்டு இராவாங் என்னும் சிறு ஈயச் சுரங்க ஊரில் மின்சாரம் பிறந்தது. அதனைக் கொணர்ந்தவர் இருவர். ஒருவர் சீனப் பெருவணிகர் லோக் இயூ. மற்றவர் கோலாலம்பூர் மகாமாரியம்மன் கோயிலை 1873இல் நிறுவிய கா. தம்புசாமிப் பிள்ளை. சுரங்கக் குழியில் ஊறும் நீரை இறைக்கும் பம்புகளை ஓட்டுவதற்கென அவ்விருவரும் மின்னாக்கி ஒன்றை நிறுவினர். மலாயாவில் மின்சாரப் பம்பு கொண்டு ஈயம் எடுத்த முதல் இடம் அதுவே. எஞ்சிய மின்சாரம் அவ்வாண்டிலேயே ஊர்த் தெருவிளக்குகளுக்கும் சென்றது. மலாயாவின் முதல் மின்விளக்குகளுக்குப் பின்னே ஒரு தமிழரின் முதலும் துணிவும் நின்றன என்பதை நம்மவர் போதிய அளவு பேசுவதில்லை.

இராவாங்கின் மின்னாக்கி எந்தக் கம்பித் தொடரோடும் இணைந்ததன்று. இணைவதற்கு அந்நாளில் நாட்டில் தொடரே இல்லை. இன்று காட்டோரத்திலோ மலைச்சரிவிலோ தனித்து வீடு கட்டி, சூரியத் தகடும் மின்கலமும் வைத்துக்கொள்பவரின் நிலை எதுவோ, ஏறத்தாழ அதுவே முதல்நாளில் மின்சாரம் வைத்த ஒவ்வொருவரின் நிலையும். அவர்கள் முன் நின்ற முதற்கேள்வியும் இன்றைய கேள்விதான். வீட்டுக்குள் ஓடவேண்டியது பன்னிரண்டு, இருபத்துநான்கு வோல்ட்டில் ஓடும் தாழ்ந்த அழுத்த மின்சாரமா? அல்லது நகரத்துச் சுவரில் வரும் இருநூற்றுச் சொச்சம் வோல்ட்டா?

இதற்கு விடை சொல்லப் பொறியியல் நூலைப் புரட்டுவோர் பலர். வரலாற்றைப் புரட்டினால் விடை இன்னும் தெளிவாகத் தெரிகிறது. மின்னழுத்தத்தை எக்காலத்தும் தீர்மானித்தவை இரண்டு. ஒன்று விளக்கு, மற்றொன்று தூரம்.

முதலில் விளக்கு. 1882 செப்டம்பரில் நியூயார்க்கின் பேர்ல் தெருவில் எடிசன் மின்நிலையம் திறந்தபோது அவர் தேர்ந்துகொண்ட அழுத்தம் ஏறக்குறைய 110 வோல்ட். அந்த எண்ணில் எவ்வித மந்திரமும் இல்லை. கரியிழை கொண்ட அவருடைய பல்பு ஒழுங்காக எரிந்து, நெடுநாள் உழைக்கத் தகுந்த அழுத்தம் அவ்வளவுதான் இருந்தது. இழை மெல்லியதாகவும் உறுதியாகவும் அமையக் கற்றுக்கொண்ட பின்னர் ஐரோப்பிய நகரங்கள் 220க்கும் அதன் மேலும் சென்றன. பிரிட்டன் தன் வழக்கப்படி சற்று மேலேயே நின்றது. மலாயாவுக்கு வந்தது அந்தப் பிரிட்டிஷ் வழக்கே. 240 வோல்ட் என்ற கணக்கு மலேசியாவில் 2008 வரை நீடித்து, அவ்வாண்டில் 230 என மாறியது. மாறியது பெரும்பாலும் ஏட்டில்தான். வீட்டு மின்விசிறிக்கு வேறுபாடு தெரியாது.

அடுத்தது தூரம். மின்னழுத்தத்தை நீரழுத்தத்தோடு ஒப்பிட்டுப் பள்ளிகளிற் கற்பிப்பதுண்டு. ஆயர் ஈத்தாம் மலையிலிருந்து இறங்கும் நீர் சிறு குழாயிலும் விசையோடு வரும். தரைமட்டத் தொட்டியிலிருந்து அதே அளவு நீர் வேண்டுமாயின் குழாய் பருத்திருக்க வேண்டும். மின்சாரத்தில் இவ்வேறுபாடு மேலும் கடுமையானது. 240 வாட் வேலை செய்யவேண்டிய ஒரு கருவி, மின்கலத்திலிருந்து பத்து மீட்டர் தள்ளியிருக்கிறதெனக் கொள்வோம். வீடுகளில் வழங்கும் 2.5 சதுர மில்லிமீட்டர்ச் செம்புக் கம்பி போய்வர இருபது மீட்டர். அதன் தடை 0.15 ஓம் அளவு. 12 வோல்ட்டில் அக்கம்பி 20 ஆம்பியர் சுமக்க வேண்டும். வழியிலேயே மூன்று வோல்ட் கரைந்துபோகும். 60 வாட் அளவு கம்பியைச் சூடாக்குவதில் வீணாகும். அதாவது நாலிலொரு பங்கு. 48 வோல்ட்டானால் ஐந்தே ஆம்பியர்; இழப்பு நான்கு வாட்டுக்கும் குறைவு. 240 வோல்ட்டானால் இழப்பு கால் வாட்டுக்கும் கீழே. அழுத்தம் இருபது மடங்கு ஏறினால் இழப்பு நானூற்றில் ஒரு பங்காகச் சுருங்குகிறது.

எடிசனின் மின்சாரம் ஒரு மைலுக்கு அப்பால் போகத் திணறியதும், மாறோட்ட மின்சாரம் மின்மாற்றியின் துணையால் அழுத்தத்தை ஏற்றியும் இறக்கியும் அவரை வென்றதும் இக்கணக்கினாலேயே. 1896இல் நயாகரா அருவியின் மின்சாரம் இருபது மைலுக்கு மேற்பட்ட தொலைவிலுள்ள பஃபலோ நகரை அடைந்தது. அதன்பின் உலகம் அவ்வழியே சென்றது.

பினாங்கும் சென்றது. நகராண்மைக் கழகத்தின் மின்நிலையம் சுங்கை பினாங்கில் 1904இல் நிறைவெய்தியது. 1906 தொடக்கத்தில் மின்சார டிராம் ஓடலாயிற்று. டிராமுக்கு மேற்கம்பி நேரோட்ட மின்சாரம் தந்தது; அக்காலத்து டிராம்களுக்கு 500 வோல்ட் அளவு பொதுவழக்கு. 1925இல் டிராலி பஸ்கள் வந்து, டிராம்கள் 1936இல் மறைந்தன. டிராலி பஸ்களும் 1961இல் ஓய்ந்தன. நகர வீடுகளுக்கு மின்சாரம் போய்ச் சேர்ந்த விரைவில் இந்த வண்டிகளுக்கும் பங்குண்டு. பகலில் வண்டி ஓட, இரவில் விளக்கு எரிய, ஒரே நிலையம் இரு வேளையும் உழைத்தால்தான் கணக்குக் கட்டுப்படியாகும் என்பது அந்நாளைய நகராண்மைகள் எங்கும் அறிந்திருந்த செய்தி.

கம்பி எங்கே ஏறும், எங்கே ஏறாது என்பதற்குப் பினாங்கு மலையே நல்ல சான்று. வெள்ளைக்காரத் துரைமார் வெயிலுக்கு அஞ்சி அம்மலையில் பங்களாக்கள் கட்டத் தொடங்கியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே. அவர்களை டோலியில் மனிதர் சுமந்து ஏற்றினர், மட்டக்குதிரைகளும் ஏற்றின. நூறாண்டுக்கு மேல் இருந்த அப்பங்களாக்களை நாடி மின்சாரம் மலையேறவில்லை. மலை இரயில்தான் அதனை ஏற்றிவைத்தது. நூற்றாண்டின் தொடக்கத்தில் செய்த முதல் முயற்சி தோற்றது. பின்னர் மின்விசையால் கயிறிழுத்து ஏற்றும் பாதை 1923 அக்டோபரில் ஓடத் தொடங்கியது. 1924 சனவரி முதல் நாள் ஆளுநர் லாரன்ஸ் கில்லமார்டு முறைப்படி திறந்துவைத்தார். கயிற்றை இழுக்கும் இயந்திரம் மேலே இருக்கவேண்டும். ஆகவே இரண்டாயிரம் அடிக்கு மேல் மின்சாரம் போயே ஆகவேண்டும். வீடுகளுக்காகப் போகாத கம்பி, இரயிலுக்காகப் போயிற்று.

இனிக் கால்வாயைத் தாண்டி அக்கரைக்குச் செல்லலாம். செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களும், பின்னர் வந்த ரப்பர்த் தோட்டங்களும் தமிழர் வியர்வையில் எழுந்தவை. அங்கே டிராமும் இல்லை, மலை இரயிலும் இல்லை. கம்பி ஒரு தோட்டத்தை அடைய வேண்டுமாயின் மைல் கணக்கில் மரங்களுக்கிடையே ஓடவேண்டும். ஓடி முடித்த இடத்தில் காசு கொடுத்து வாங்குவோர் சிலரே. ஆகவே தோட்டங்கள் இராவாங்கின் வழியை மேற்கொண்டன. தத்தம் எஞ்சினை வைத்துக்கொண்டன. ரப்பர் ஆலைக்கு எஞ்சின் எப்படியும் வேண்டும். அதன் பக்கத்தில் ஒரு மின்னாக்கியைச் சேர்ப்பது எளிது. ஆலையிலிருந்து துரை பங்களாவுக்கும் கிராணி வீட்டுக்கும் கம்பி போயிற்று. லயங்களுக்கு அது கடைசியாக வந்தது. வந்த பின்னும் பல தோட்டங்களில் இருட்டியதும் தொடங்கி இரவு பத்து மணி அளவில் நின்றுவிடும். எஞ்சின் நின்றால் ஒளி நின்றது. பிள்ளைகள் பாடம் படிப்பதும், நோயாளியைப் பார்த்துக்கொள்வதும் மீண்டும் மண்ணெண்ணெய் விளக்கின் பொறுப்பாயின.

இங்கே ஒரு கேள்வி எழும். எஞ்சின் ஓடும்போதே மின்கலங்களில் சேமித்துவைத்து, நின்றபின் தாழ்ந்த அழுத்தத்தில் இரண்டு விளக்கேனும் எரித்திருக்கலாகாதா? அமெரிக்க உழவர் அதைத்தான் செய்தனர். 1916 முதல் டெல்கோ லைட் என்னும் சிறு மின்நிலையங்கள் அங்கே பண்ணை வீடுகளுக்கு விற்கப்பட்டன. மண்ணெண்ணெயில் ஓடும் சிறு எஞ்சின் ஒன்று. இரண்டு வோல்ட் ஈயமின்கலங்கள் பதினாறு. ஆக 32 வோல்ட். அந்த 32 வோல்ட்டுக்கென்றே பல்பு, இஸ்திரிப் பெட்டி, துணி துவைக்கும் இயந்திரம் எல்லாம் கடைக்கு வந்தன. மலாயாவின் லயங்களுக்கு அவ்வழி வராததற்குக் காரணம் பொறியியல் அன்று. மின்கலம் விலையுயர்ந்தது, பத்து மணிக்குப் பின் தொழிலாளிக்கு விளக்கு எதற்கு என்ற எண்ணம் மலிவானது.

1949இல் மத்திய மின்சார வாரியம் தோன்றிய பின் கம்பி மெல்ல மெல்லத் தோட்டப்புறங்களை நெருங்கியது. 1966இல் தொழிலாளர் குடியிருப்புக்குக் குறைந்தபட்சத் தரம் வகுத்த சட்டம் வந்தது. அதன் இடத்தில் 1990இல் வந்த சட்டம், குடியிருப்பு தரும் முதலாளி நீரும் போதிய மின்சாரமும் தரவேண்டுமென்று கடமையாக்கியது. இராவாங்கில் விளக்கெரிந்து தொண்ணூற்றாறு ஆண்டுகள் கழித்து!

இடைக்காலத்தில் லயத்து மக்கள் சும்மா இருந்துவிடவில்லை. தாழ்ந்த அழுத்த மின்சாரத்தை அவர்கள் தாமே கண்டுகொண்டனர். விளக்குக்காக அன்று, செவிக்காக. பினாங்கு வானொலிக் கழகம் 1934இல் ஒலிபரப்பத் தொடங்கியபோது ஆங்கிலம், மலாய், சீனத்தோடு தமிழும் அதில் ஒலித்தது. கம்பி இல்லாத வீட்டில் அந்நாளைய வானொலிப் பெட்டிக்கு இரண்டு வகை மின்கலம் வேண்டியிருந்தது. வால்வுகளின் இழையைச் சூடாக்க இரண்டு வோல்ட் ஈயமின்கலம் ஒன்று. மறுமுனைக்குத் தொண்ணூறு முதல் நூற்றிருபது வோல்ட் வரை உலர் மின்கலங்களின் அடுக்கு. உயர்ந்த அழுத்தமும் தாழ்ந்த அழுத்தமும் ஒரே பெட்டிக்குள் குடியிருந்தன. ஈயமின்கலம் தீர்ந்தால் கடைத்தெருவுக்குத் தூக்கிச்சென்று மின்னூட்டி வரவேண்டும். டிரான்சிஸ்டர் வந்த பின்னரே ஆறு, ஒன்பது வோல்ட்டில் வானொலி கைக்கு அடங்கியது. 1963 டிசம்பரில் மலேசியத் தொலைக்காட்சி தொடங்கியது. பின்னாளில் 12 வோல்ட்டில் ஓடும் சிறு கறுப்பு வெள்ளைப் பெட்டிகள் வந்ததும் கார் பாட்டரியின் காலம் பிறந்தது. இலங்கை மலையகத் தோட்டங்களிலும் அது நெடுங்காலம் வழங்கிய காட்சி. சைக்கிளின் பின்னே பாட்டரியைக் கட்டிக்கொண்டு நகருக்குப் போய் வரும் தந்தையரை அறியாத தலைமுறை அங்கே இல்லை.

இலங்கையைச் சொல்லும்போது யாழ்ப்பாணத்தைச் சொல்லாமல் இருக்கவியலாது. மலாயாவின் இரயில்வேக்கும் அலுவலகங்களுக்கும் எழுத்தர்களைத் தந்த அந்நகரம், 1990இல் போர் மீண்டும் மூண்டபின் பல ஆண்டுகள் மின்தொடரிலிருந்து அறுபட்டுக் கிடந்தது. உலர் மின்கலமும் தடைசெய்யப்பட்ட பொருள்களில் ஒன்று. ஒரு நகரமே கம்பி எட்டாத வீடாயிற்று. அப்போது மக்கள் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுழற்றி, டைனமோவில் எழுந்த மின்சாரத்தால் வானொலிச் செய்தி கேட்டனர். சைக்கிள் டைனமோ தருவது ஆறு வோல்ட், மூன்று வாட். செய்தி முடியும்வரை பிள்ளைகள் மாறி மாறிச் சுழற்றவேண்டும். விளக்குக்கு அது போதவில்லை. சிறு போத்தலில் சிறிது மண்ணெண்ணெய் ஊற்றித் திரியிட்டு அவ்வொளியில் பரீட்சைக்குப் படித்தனர். மூன்று வாட்டில் குரல் கேட்க முடிந்தது. நன்றாக எழுத்தைப் பார்க்க முடியவில்லை. இழை பல்பின் குறை அது. அது வாங்கும் மின்சாரத்தில் மிகப் பெரும் பங்கு வெப்பமாகவே போய்விடும்.

அக்குறையைத் தீர்த்த பொருளுக்கும் பினாங்குக்கும் நெருங்கிய உறவுண்டு. 1972இல் பாயான் லெப்பாஸ் தடையற்ற வாணிக வட்டாரத்தில் முதலில் வந்திறங்கிய நிறுவனங்களில் ஹியூலெட் பேக்கர்டும் லிட்ரோனிக்ஸும் அடங்கும். இரண்டும் ஒளியுமிழ் டையோடு, அதாவது எல்.இ.டி., செய்தவை. அந்நாளில் அது கணக்கு இயந்திரத்தின் முகப்பில் மினுக்கும் சிவப்புப் புள்ளி. வீட்டு விளக்காகுமென எவரும் நினைத்திலர். லிட்ரோனிக்ஸ் பின்னர் சீமென்ஸ் வழியாக ஓஸ்ராம் குடும்பத்தைச் சேர்ந்தது. மற்றதன் கிளை லூமிலெட்ஸ் ஆயிற்று. 1993இல் ஜப்பானிய நகமுரா பிரகாசமான நீல ஒளி டையோடு செய்து காட்டிய பின் வெள்ளொளி பிறந்தது. நீல ஒளிக்காக அவரும் அகசாகி, அமானோ இருவரும் 2014இல் நோபல் பரிசு பெற்றனர். வெள்ளை டையோடு ஒன்றுக்கு வேண்டிய அழுத்தம் மூன்று வோல்ட் அளவே. அறுபது வாட் இழை பல்பு தந்த ஒளியை ஒன்பது வாட்டில் அது தருகிறது. விளக்கு மாறியது, அதனோடு பழைய கேள்வியும் உயிர்த்தெழுந்தது.

சூரியத் தகடு தருவது நேரோட்டம். மின்கலம் சேமிப்பதும் நேரோட்டம். டையோடு விளக்கு, கைபேசி, கணினி எல்லாம் உள்ளே உண்பதும் தாழ்ந்த அழுத்த நேரோட்டமே. இடையில் எதற்காக 230 வோல்ட் மாறோட்டமாக ஏற்றி மீண்டும் இறக்க வேண்டும்? இக்கேள்வியைச் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா குழுவினர் எழுப்பி, 48 வோல்ட் நேரோட்ட வீட்டமைப்பை உருவாக்கினர். ராஜஸ்தானத்தின் ஜோத்பூர், ஜெய்சல்மேர் மாவட்டங்களில் கம்பி எட்டாத ஆயிரக்கணக்கான பாலைவன வீடுகளில் விளக்கும் விசிறியும் கைபேசி மின்னூட்டியும் அம்முறையில் இயங்கலாயின. சாதாரண மின்விசிறி எழுபது வாட்டுக்கு மேல் உண்ணும். தூரிகையற்ற நேரோட்ட மோட்டார் விசிறிக்கு முப்பது வாட்டே போதும். 48 என்ற எண்ணும் யோசித்து எடுத்ததே. தொலைபேசி நிலையங்கள் நெடுங்காலமாக அவ்வழுத்தத்தில்தான் இயங்கிவருகின்றன. உயிருக்கு ஆபத்து மிகக் குறைந்த வரம்புக்குள் அது அடங்குகிறது. 12 வோல்ட்டைப்போலக் கம்பியைப் பருக்கவைப்பதும் இல்லை. இந்தியத் தர நிர்ணய அமைப்பு 2017இல் 48 வோல்ட் வீட்டமைப்புக்கு வழிகாட்டு நெறியே வகுத்தது.

இவ்வளவும் கேட்டபின் தாழ்ந்த அழுத்தமே சாலச் சிறந்தது என முடிவு கட்டிவிடலாகாது. அமெரிக்க உழவர் கதையின் பின்பாதியையும் பார்க்கவேண்டும். 1930களின் நடுவில் அங்கே பண்ணை வீடுகள் பத்தில் ஒன்றுக்கே நகர மின்சாரம் இருந்தது. 1936இல் கிராம மின்மயச் சட்டம் வந்து, கம்பி பண்ணைகளை நாடிச் சென்றது. 32 வோல்ட்டுக்கென வாங்கிய பல்பும் இஸ்திரிப் பெட்டியும் அன்றே பழைய இரும்பாயின. வோல்ட் என்பது சம்பந்தம் செய்துகொள்வது போன்றது. ஒரு வீட்டோடு கொண்டால் அவ்வீட்டு உறவு முழுவதையும் கொண்டாக வேண்டும். பினாங்குக் கடைத்தெருவில் அரிசி குக்கரும், மாவாட்டும் இயந்திரமும், நீர்ப் பம்பும் வாங்கப்போனால் கிடைப்பது 230 வோல்ட்டுக்கு உரியதே. 12 வோல்ட்டில் குளிர்சாதனப் பெட்டி உண்டு. விலையைக் கேட்டால் வாங்க வந்தவர் சற்று அமர்ந்து மூச்சு வாங்கவேண்டும்.

இன்னொன்று பலர் அறியாதது. மாறோட்டம் விநாடிக்கு நூறு முறை சுழியைத் தொட்டு மீளும்; ஆதலின் சுவிட்சை அணைக்கையில் எழும் தீப்பொறி தானே அவிந்துவிடும். நேரோட்டத்தில் பொறி நீண்டு நின்று சுவிட்சின் முனைகளை அரித்துவிடும். சாதாரண சுவர் சுவிட்சைக் கொண்டு நேரோட்டத்தைக் கட்டியாள நினைப்பது தவறு. அதற்கென்று செய்த சுவிட்சும் உருகியும் வேண்டும். 12 வோல்ட் கையைத் தாக்காது என்பது உண்மை. ஆனால் மெல்லிய கம்பியில் இருபது ஆம்பியர் ஓடினால் அது வீட்டைத் தாக்கும். கடற்காற்றில் இணைப்புகள் பச்சை பூத்துவிடும் தீவில் இது மேலும் கவனிக்கத்தக்கது.

மறுபக்கமும் உண்டு. மாறோட்டத்தை உண்டாக்கும் இன்வெர்ட்டர் ஒரு விளக்கும் எரியாத நேரத்திலும் சிறிது உண்டுகொண்டே இருக்கும். அது பதினைந்து வாட் என்று கொண்டால் ஒரு நாளைக்கு 360 வாட்மணி. ஒன்பது வாட் விளக்குகள் மூன்று, இரவு ஐந்து மணி நேரம் எரிய 135 வாட்மணி போதும். சிறு குடிலுக்கு இன்வெர்ட்டர் வைத்தால், வேலை செய்பவனைவிட மேற்பார்ப்பவன் அதிகம் உண்ணும் கதையாகிவிடும்.

ஆகவே விளக்கும் விசிறியும் கைபேசியும் மட்டும் உள்ள, மின்கலத்திலிருந்து எட்டிப்போகாத சிறு வீட்டுக்குத் தாழ்ந்த அழுத்தமே தகும். பத்து மீட்டரைத் தாண்டினால் 12ஐ விட்டு 48ஐ நாடவேண்டும். கிணற்றுப் பம்பும் மாவாட்டும் இயந்திரமும் உள்ள குடும்ப வீட்டுக்கு 230 வேண்டும். அவ்வீட்டிலும் இரவு விளக்குகளை மட்டும் மின்கலத்திலிருந்து நேரே இழுத்துக்கொண்டு, பம்பு ஓடும் வேளைக்கு மட்டும் இன்வெர்ட்டரைத் திறந்தால் இரண்டின் நலனும் கிட்டும். பழைய தோட்டத்து எஞ்சினும் மாலையில் சில மணி நேரந்தான் ஓடியது. அது நின்றபின் எரியும் விளக்கு ஒன்று அந்நாளில் லயத்தில் இல்லை.

நகரத்து வீட்டிலும் இவ்விரண்டு மின்சாரமும் இப்போது ஒன்றாகவே வாழ்கின்றன. ஜார்ஜ் டவுன் வீட்டுச் சுவரிலிருந்து 230 வோல்ட் மாறோட்டம் பல்புக்குள் நுழைகிறது. பல்பின் கழுத்துக்குள் விரல்நுனி அளவு மின்சுற்று ஒன்று அதனை நேரோட்டமாக மாற்றி, உள்ளே வரிசையாகக் கோத்த டையோடுகளுக்குத் தலைக்கு மூன்று வோல்ட்டாகப் பங்கிட்டுக் கொடுக்கிறது.